பிள்ளை வளரவில்லை என்றால்: வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகளின் உயரம் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: மகனுக்கு 8 வயது. உயரம் 112 செ.மீ. போன வருஷம் இதே மாதம் 109 இருந்தான். பள்ளிச் சபைகூடலில் எப்போதும் அவன்தான் வரிசையில் முதல் ஆள். போன வருஷம் வாங்கிய சிலுவார் இன்னும் கணுக்காலைத் தொடுகிறது. கணவர் 165 செ.மீ., நான் 152. "நம்ம வம்சமே குட்டைதான், விடு" என்கிறார் மாமியார். விடலாமா?

பதில்: விட வேண்டாம், அம்மா. உங்கள் கடிதத்தில் நாங்கள் கோடு போட்ட எண் 3. ஒரு முழு வருஷத்தில் அவன் வளர்ந்தது அவ்வளவுதான்.

பிறந்த முதல் வருஷத்தில் பிள்ளை ஏறக்குறைய 25 செ.மீ. வளர்கிறது, அடுத்த வருஷம் 10 முதல் 12. பிறகு வேகம் படிப்படியாகக் குறைந்து, 4, 5 வயதிலிருந்து பருவம் தொடங்கும்வரை வருஷத்துக்கு 5, 6 செ.மீ. என்று போகும். பருவத்துக்குச் சற்று முன்பு கொஞ்சம் மந்தப்படுவதும் உண்டு. ஆனால் 8 வயதில் 4 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் காரணம் தேடியே ஆக வேண்டும். உயரமும் குறைவுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் 8 வயதுப் பையனின் நடு உயரம் 127 செ.மீ., கீழ் எல்லை ஏறக்குறைய 116. உங்கள் மகன் அந்த எல்லைக்கும் கீழே இருக்கிறான்.

மாமியார் சொல்வதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டுங்கள்: 317. ஆண் பிள்ளை என்பதால் 13 சேருங்கள்: 330. பாதி 165. பெண் பிள்ளையாக இருந்தால் 13-ஐக் கழிக்க வேண்டும். இதற்கு மேலும் கீழும் 8.5 செ.மீ. விட்டால், உங்கள் குடும்பத்துப் பையன் 156 முதல் 173 வரை எங்காவது போய் நிற்க வேண்டியவன். குடும்ப வழியில் குட்டையான பிள்ளை, வரைபடத்தில் கீழே இருந்தாலும் தன் கோட்டை விடாமல் வருஷா வருஷம் 5 செ.மீ. ஏறிக்கொண்டே இருப்பான். கோட்டைவிட்டு இறங்குகிறவனை வம்சத்தின் கணக்கில் எழுதக் கூடாது. இன்னொன்று: பெற்றோரில் ஒருவர் மிகவும் குட்டையாக இருந்தால், அவருக்கே கண்டுபிடிக்கப்படாத காரணம் இருக்கலாம். அப்போது இந்தக் கணக்கை நம்ப முடியாது.

கிளினிக்குக்குப் போகும் முன், 109-உம் 112-உம் சரியாக அளந்தவைதானா என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அளப்பதில்தான் வருகிறது. பழைய தோட்டத்து வீட்டுப் பலகைச் சுவர் வேண்டாம், பலகைக்குப் பலகை மேடு பள்ளம் இருக்கும். சிமெண்டுச் சுவரும், பாயோ விரிப்போ இல்லாத தரையும் வேண்டும். காலணி, காலுறை கழற்றுங்கள். பெண் பிள்ளையானால் கொண்டையையும் உச்சிச் சடையையும் அவிழ்த்துவிடுங்கள். குதிகால், புட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொட வேண்டும். முகவாயைத் தூக்கக் கூடாது. கண்ணின் கீழ் ஓரமும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு விளிம்பைச் சுவரில் ஒட்டவைத்து, தலையில் படும்வரை இறக்கிப் பென்சிலால் குறியுங்கள். தையல்காரர் நாடா இழுபடும், எஃகு டேப்பால் அளங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். காலையில் அளந்தால் அடுத்த முறையும் காலையில்தான், ஏனென்றால் மாலைக்குள் முதுகெலும்பு அமுங்கி 1 செ.மீ. வரை, சிலருக்கு அதற்கு மேலும் குறையும்.

மாதா மாதம் அளந்து கவலைப்படாதீர்கள். குறைந்தது 6 மாத இடைவெளி வேண்டும், 12 மாதம் என்றால் நல்லது. 3 மாதத்தில் அரை செ.மீ. தவறாக அளந்தால், வருஷக் கணக்கில் அது 2 செ.மீ. பிழையாகிவிடும்.

அளவு சரி என்றால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. மகனின் மைகிட் அடையாள அட்டை, பிறந்ததிலிருந்து எடை, உயரம் எழுதிய குழந்தை சுகாதாரப் புத்தகம், பள்ளியில் அளந்த விவரம், உங்கள் இருவரின் உயரம் எல்லாம் கையோடு இருக்கட்டும். கணவரின் உயரத்தையும் அவரை நிறுத்தி அளந்தே எழுதுங்கள். கேட்டுச் சொல்லும் உயரத்தில் இரண்டு, மூன்று செ.மீ. கூடித்தான் வரும். புத்தகத்தில் 2 வயதுப் பக்கத்தையும் கவனியுங்கள். அதுவரை படுக்கவைத்து அளப்பார்கள், பிறகு நிற்கவைத்து. நிற்கும்போது 0.7 செ.மீ. குறைவாகத் தெரியும், அது வளர்ச்சிக் குறைவு அல்ல.

எடையையும் பாருங்கள். சாப்பாடு போதாத பிள்ளைக்கும், குடல், சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கும் பெரும்பாலும் எடை முதலில் விழும், உயரம் பின்னால் விழும். வளர்ச்சி ஹார்மோனோ தைராய்டோ குறைந்தால் எடை ஓரளவு நிற்கும், உயரம் மட்டும் தங்கிவிடும். பிள்ளை வயிற்றைச் சுற்றிக் கொழுகொழுவென்று, வயதைவிட இளைய முகத்தோடு தெரிவான். அதனால்தான் "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் ஏமாந்துபோகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது, குட்டை. தனியார் பரிசோதனைக் கூடத்தில் வளர்ச்சி ஹார்மோன் இரத்தப் பரிசோதனை செய்தோம். 0.2 என்று வந்தது. ஹார்மோனே இல்லை என்று அர்த்தமா? ஊசி போட வேண்டுமா?

பதில்: ஐயா, அந்தத் தாளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இந்த ஹார்மோனை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி நாள் முழுக்க ஒரே சீராக விடுவதில்லை. விட்டுவிட்டுச் சுரக்கும், பெரும்பகுதி இரவில், ஆழ்ந்து தூங்கத் தொடங்கிய பிறகு. பகலில் நல்ல ஆரோக்கியமான பிள்ளையிடம் எடுத்தாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும்.

கேட்டு வாங்க வேண்டியது வேறு பட்டியல்: முழு இரத்த எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சிறுநீரகம், கல்லீரல், கால்சியம், பாஸ்பேட், தைராய்டுக்கு டி.எஸ்.எச். மற்றும் ஃப்ரீ டி4, கோதுமை குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான பரிசோதனை, அதோடு ஐஜிஎஃப்-1. வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் உருவாக்குவது ஐஜிஎஃப்-1. இது நாள் முழுக்க ஏறக்குறைய நிலையாக இருப்பதால் எப்போது எடுத்தாலும் பொருள் உண்டு. ஆனால் வயது, ஆணா பெண்ணா என்பது, பருவ வளர்ச்சி இவற்றுக்கு உரிய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். சாப்பாடு குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும் இதுவும் குறையும். 5 வயதுக்குக் கீழே இயல்பாகவே குறைவு என்பதால் அந்த வயதில் இது தனியாக உதவாது.

உங்கள் மகள் விஷயத்தில் ஒன்றைத் தவறவிடவே கூடாது. காரணம் தெரியாமல் குட்டையாக இருக்கும் ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்ய வேண்டும். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் பிள்ளைகளில் ஒருவருக்கு டர்னர் கோளாறு, அதாவது ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ இருப்பது, இருக்கிறது. அகன்ற கழுத்து, தாழ்ந்த பின்தலை முடி என்ற அடையாளங்கள் சிலரிடம் தெரியும். சிலரிடம் குட்டை உருவம் தவிர வேறொன்றும் தெரியாது. கண்டுபிடித்தால் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். "பெரிய பிள்ளை ஆகட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்தால், சினைப்பை வேலை செய்யாததால் அவள் தானாகப் பெரிய பிள்ளை ஆகாமலே போகலாம்.

கேள்வி: பேரனுக்கு பதின்மூன்றரை வயது. குரல் உடையவில்லை, மீசை இல்லை. கை எக்ஸ்ரே பார்த்து எலும்பு வயது 11 என்றார்கள். அவன் அப்பாவும் படிவம் 4-க்குப் பிறகுதான் வளர்ந்தான். ஹார்மோன் குறைவா?

பதில்: தாத்தா, நீங்கள் சொல்லும் அப்பாவின் கதை மருத்துவரிடமும் சொல்ல வேண்டியது. இடது கையின், மணிக்கட்டின் எலும்புகள் எவ்வளவு முதிர்ந்திருக்கின்றன என்று படத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எலும்பு வயது. எலும்பு பின்தங்கியிருந்தால் வளர இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள். அப்பாவும் தாமதம், பிள்ளை வருஷத்துக்கு 4, 5 செ.மீ. சீராக வளர்கிறான் என்றால், பெரும்பாலும் இது தாமதப் பருவம். ஆனால் ஹார்மோன் குறைவிலும் தைராய்டு குறைவிலும் எலும்பு வயது இதே மாதிரி பின்தங்கும். எக்ஸ்ரே மட்டும் இவற்றைப் பிரித்துக் காட்டாது, வளரும் வேகம்தான் காட்டும். ஆண்டு 4 முதல் பள்ளியில் செகாக் உடல்தகுதிச் சோதனைக்கு வருஷத்துக்கு இரண்டு முறை உயரம் எழுதியிருப்பார்கள். வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். 14 வயது முடிந்தும் விரை பெருக்கத் தொடங்கவில்லை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.

கேள்வி: மகளுக்கு 9 வயது. ஐஜிஎஃப்-1 குறைவு, தைராய்டு சரி. இப்போது தூண்டல் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து கொடுத்தால் பிள்ளை மயங்கிவிடும் என்று நாத்தனார் பயமுறுத்துகிறார். செம்பனைத் தோட்டத்தில் வேலை, ஒரு நாள் சம்பளம் போகும். அன்று என்னதான் செய்வார்கள்?

பதில்: சகோதரி, சுரப்பி தானாகச் சுரக்கும் நேரத்தை நாம் பிடிக்க முடியாது. அதனால் ஒரு மருந்தால் அதைத் தூண்டி, எவ்வளவுதான் விட முடிகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு மருந்தில் குறைவாக வந்தால் போதாது. நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளிலும் பலர் ஒரு பரிசோதனையில் தோற்றுவிடுவார்கள். எனவே இரண்டு வேறு மருந்துகளில், இரண்டிலும் குறைவாக வர வேண்டும். பிட்யூட்டரியில் கோளாறு இருப்பது முன்பே தெரிந்து, அதன் வேறொரு ஹார்மோனும் குறைந்திருக்கும் பிள்ளைக்குத்தான் விதிவிலக்கு.

முந்திய இரவிலிருந்து சாப்பாடு கூடாது, தண்ணீர் குடிக்கலாம். காலையில் அழுகிறாளே என்று ஒரு வாய் மைலோ கொடுத்தாலும் பரிசோதனை கெட்டது: சர்க்கரை இரத்தத்தில் ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் அடங்கும், குறைவு இல்லாத பிள்ளைக்கும் குறைவு என்று வந்துவிடும். கொடுத்துவிட்டால் மறைக்காமல் தாதியிடம் சொல்லுங்கள், வேறு நாள் தருவார்கள்.

போனதும் எடை, உயரம் பார்த்து, கையில் ஒரு சிறு குழாய் பொருத்துவார்கள். குத்துவது அந்த ஒரு முறைதான். பிறகு எல்லா இரத்தமும் அதன் வழியாகவே எடுப்பார்கள். வலியிலும் பயத்திலும் ஹார்மோன் ஏறும் என்பதால் சற்று நேரம் படுக்கவைத்துவிட்டு முதல் மாதிரி எடுப்பார்கள். அந்த முதல் மாதிரியிலேயே போதுமான அளவு வந்திருந்தாலும் அது செல்லும்.

குளோனிடின் என்றால் மாத்திரை, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 0.15 மி.கி. அளவில். அரை மணிக்கு ஒரு முறை, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் இரத்தம் எடுப்பார்கள். இது இரத்த அழுத்த மருந்து, அதனால் பிள்ளை வெளிறித் தூங்கிவிழுவாள். உங்கள் நாத்தனார் கேள்விப்பட்ட மயக்கம் இதுவாகத்தான் இருக்கும். படுக்கவைத்தே வைத்திருப்பார்கள், அழுத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கழிப்பறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள், எழுந்ததும் தலை சுற்றும். அன்று மாலை சைக்கிள் வேண்டாம்.

குளுகாகன் என்றால் தசையில் ஊசி, கிலோவுக்கு 0.03 மி.கி., மிஞ்சினால் 1 மி.கி. இதில் உச்சம் தாமதமாக, 2, 3 மணி நேரத்தில்தான் வரும். ஆகவே 3 மணி நேரம் எடுப்பார்கள். குமட்டலும் வயிற்று வலியும் சகஜம். சர்க்கரை முதலில் ஏறிப் பிறகு இறங்கும். அந்த இறக்கம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் வரலாம். சோறு சாப்பிட்டு, அது வயிற்றில் தங்கிய பிறகே பஸ் ஏறுங்கள். பையில் ரொட்டியும் இனிப்பு பானமும் இருக்கட்டும்.

இன்சுலின் பரிசோதனை கவனமாகச் செய்ய வேண்டியது. சர்க்கரையை 2.6 மில்லிமோலுக்குக் கீழோ பாதியாகவோ இறக்கி, சுரப்பி பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். வலிப்பு உள்ள பிள்ளைக்கும் இருதய நோய் உள்ள பிள்ளைக்கும் செய்வதில்லை, சின்னப் பிள்ளைகளுக்கும் தவிர்ப்பார்கள். இதைச் செய்து பழகிய மருத்துவமனையில், படுக்கை அருகே மருத்துவர் இருக்கும்போது மட்டும்தான். "எங்கள் பிள்ளைக்கு எந்த மருந்து?" என்று முன்கூட்டியே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முன்பே சொல்ல வேண்டியவை: ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுக்கிறாளா, வலிப்பு வந்ததுண்டா, காய்ச்சல் இருக்கிறதா. அதிக எடை உள்ள பிள்ளைக்கு ஹார்மோன் பொய்யாகக் குறைந்து காட்டும், அதையும் சேர்த்துத்தான் முடிவைப் படிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 9 வயது. பெண் பிள்ளை 10 வயதையும், ஆண் பிள்ளை 11 வயதையும் தாண்டி, பருவ அறிகுறி இல்லாமல் இருந்தால், சில நாள் பெண் ஹார்மோனோ ஆண் ஹார்மோனோ கொடுத்துவிட்டுச் சோதிக்கும் மருத்துவமனைகள் உண்டு. அது இல்லாமல் சோதித்தால், வெறும் தாமதப் பருவம் ஹார்மோன் குறைவு போலத் தெரியக்கூடும். அந்த மருந்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சம்பள விஷயம்: இரண்டு மருந்தையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் இடங்கள் உண்டு. முடியுமா என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். மருத்துவமனைக்கு வந்ததற்கான சீட்டையும் அன்றே வாங்கித் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஒரு பரிசோதனையில் 18 வந்தது. 10-க்கு மேல் என்றால் சரி என்று படித்தேன். மருத்துவர் குறைவு என்கிறார். எது உண்மை?

பதில்: தாளில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு மில்லி யூனிட்டில் இருந்தால் 3-ஆல் வகுக்க வேண்டும்: 18 என்பது 6 மைக்ரோகிராம். பழைய எல்லை 10 மைக்ரோகிராம். இன்றைய பரிசோதனைக் கருவிகளுக்கு 7-ஐ ஒட்டி வைக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் 6 குறைவுதான். ஆனால் 6.8-க்கும் 7.2-க்கும் இடையில் ஒரு பிள்ளை நோயாளியாகிவிடுவதில்லை. எல்லையை ஒட்டி வந்தால் வளரும் வேகம், ஐஜிஎஃப்-1, எலும்பு வயது மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நல்ல வேகத்தில் வளரும் பிள்ளைக்கு எண் மட்டும் குறைந்திருந்தால், 6 மாதம் அளந்து பார்ப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

கேள்வி: உயரத்துக்கு என்று விற்கும் மாவு, கம்பியில் தொங்குவது, பூச்சி மருந்து, இதெல்லாம் உதவுமா?

பதில்: பூச்சியும் இரத்தசோகையும் இருந்தால் குணப்படுத்த வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால், நேரத்துக்குத் தூக்கம் போதும். மாவும் தொங்குவதும் ஹார்மோன் குறைவை மாற்றாது. இளைப்புக்கும் அரிப்புக்கும் பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கும் பொடி, மாத்திரைகளை மட்டும் பிள்ளைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகம் உப்பும், உயரம் நின்றுபோகும். ஏற்கெனவே நாள்கணக்கில் கொடுத்து வந்திருந்தால் திடீரென்று நிறுத்தாமல், பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: இரண்டு பரிசோதனையும் குறைவு. இப்போது தலைக்கு எம்.ஆர்.ஐ. என்கிறார்கள். மூளையில் ஏதாவது இருக்குமோ என்று தூக்கமே இல்லை. ஊசி ஆயுளுக்கும் போட வேண்டுமா?

பதில்: குறைவு உறுதியானால் எம்.ஆர்.ஐ. எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுப்பதுதான். பிட்யூட்டரி சிறுத்திருக்கிறதா, அதன் பின்பகுதி இடம் மாறி மேலே உட்கார்ந்திருக்கிறதா, தண்டு அறுந்தோ மெலிந்தோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டி பெரும்பாலோருக்கு இருப்பதில்லை, பார்க்காமல் விடவும் கூடாது. காலையில் தலைவலியோடு வாந்தி, பக்கப் பார்வை மங்குவது, நின்றிருந்த படுக்கை நனைத்தல் திரும்புவது, ஓயாத தாகம் இவற்றில் ஒன்று இருந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். படம் சுத்தமாக வந்தாலும் ஹார்மோன் குறைவு இல்லை என்று ஆகாது.

ஊசி தினமும் இரவில் தோலுக்கடியில் போடுவது; வாரம் ஒரு முறை போடும் வகையும் இப்போது வந்திருக்கிறது. 1985 வரை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்தார்கள். இன்று ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களையோ செல்களையோ கொண்டு தயாரிக்கிறார்கள். 2 முதல் 8 டிகிரியில் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், உறைபெட்டியில் வைத்தால் வீண். உண்மையான குறைவு என்றால் முதல் வருஷத்திலேயே 8 முதல் 10 செ.மீ., சில சமயம் அதற்கு மேலும் ஏறும். அப்படி ஏறவில்லை என்றால் ஊசி தவறாமல் போகிறதா என்று முதலிலும், நோய்க்கணிப்பு சரிதானா என்று அடுத்தும் கேட்க வேண்டும். எலும்பு மூடிய பிறகு உயரத்துக்குப் பயன் இல்லை: பெண்ணுக்கு எலும்பு வயது 14, ஆணுக்கு 16 ஒட்டி. வளர்ந்து முடிந்ததும் ஊசியைக் குறைந்தது ஒரு மாதம் நிறுத்தி மறுபடி சோதிப்பார்கள். எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்து, இந்த ஒரு ஹார்மோன் மட்டும் குறைந்திருந்த பிள்ளைகளில் பலருக்கு அப்போது சரியான அளவு வந்துவிடும். அவர்களுக்கு அத்தோடு ஊசி முடிந்தது.

கேள்வி: தங்கைக்குப் பிறந்த ஆண் குழந்தை, 3 வாரம். பிறந்தபோது நீளம் சரியாக இருந்தது. சர்க்கரை இரண்டு முறை இறங்கியது, மஞ்சள் இன்னும் போகவில்லை, ஆண் உறுப்பு மிகச் சிறியதாக இருக்கிறது. பெரியவனானால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே: வயிற்றில் இருக்கும்போது குழந்தை வளர இந்த ஹார்மோன் அவ்வளவாகத் தேவைப்படாது, அதனால் பிறந்த நீளத்தை வைத்து ஆறுதல் கொள்ள முடியாது. சர்க்கரை இறங்குவது, நீளும் மஞ்சள், இழுத்து அளந்தால் 2.5 செ.மீ.க்குக் குறைந்த உறுப்பு, இவை சேர்ந்து வந்தால் பிட்யூட்டரியே முழுதாக வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். நோயைத் தாங்க உடம்புக்குத் தேவையான கார்டிசோல் ஹார்மோனும் குறைந்திருந்தால் ஒரு சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு ஆபத்து. தூண்டல் பரிசோதனை இந்த வயதில் வேண்டாம். சர்க்கரை இறங்கியிருக்கும் அதே நேரத்தில் இரத்தம் எடுத்து வளர்ச்சி ஹார்மோன், கார்டிசோல், தைராய்டு பார்ப்பார்கள். அப்போது ஹார்மோன் 5 மைக்ரோகிராமைத் தாண்டாமல், வேறொரு ஹார்மோனும் குறைந்திருந்தால், அதுவே போதுமான ஆதாரம். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு இன்றே கொண்டுபோங்கள். குழந்தை பால் குடிக்க எழவில்லை, உடம்பு துவண்டுபோகிறது, கை கால் நடுங்குகிறது என்றால் 999-ஐ அழையுங்கள்.